பைப்பை ஊர் தாண்டி நீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியில் இருப்பவர் அம்பத்தூரில் இருக்கும் நண்பருக்கு 2 ஜிபி டேட்டாபேஸ் பேக்கப் அனுப்ப வேண்டும். இருவருக்கும் எக்ஸ்எம்பிபி (மெசேஜ் அனுப்பும் ஒரு திறந்த நெட்வொர்க் முறை) கணக்கு உண்டு. ஒரு கமாண்டின் வெளியீட்டை இன்னொரு கமாண்டுக்குள் நேராக ஊட்டும் இணைப்புதான் பைப்; அதை இந்த நெட்வொர்க் வழியாகவும் நீட்டலாம். பைப்பின் ஒரு முனை இங்கே, மறுமுனை அங்கே, வேலை முடிந்தது என்று தோன்றும். 1973-ல் கென் தாம்ப்சன் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பைப்பைச் சேர்த்தபோது இரண்டு முனையும் ஒரே கணினிக்குள் இருந்தன. அந்த சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் நடுவில் நின்று பார்த்துக்கொண்டது. மெசேஜிங் நெட்வொர்க்கில் அந்தக் கண்காணிப்பு இல்லை.

இருப்பதிலேயே மோசமான தவறு, பாதி ஃபைலை முழு ஃபைல் என்று நம்புவது. அனுப்பும் பக்கம் பேக்கப் (டம்ப்) எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கமாண்ட் நடுவிலேயே செத்தாலும் பைப் சாதுவாக மூடிக்கொள்ளும். வாங்குகிற பக்கம் 'டேட்டா தீர்ந்தது' என்று எடுத்துக்கொண்டு ஃபைலைச் சேமித்துவிடும். இரு பக்கமும் ஷா256 ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து ஒப்பிட்டால் போதுமே என்பார்கள். போதாது: பாதி டம்ப்புக்கும் இரு பக்கமும் ஒரே ஹாஷ்தான் வரும். வழியில் ஏதாவது விழுந்ததா என்பதைத்தான் அது சொல்லும். கிளம்பும் இடத்திலேயே நடந்த கோளாறுக்கு, கமாண்டுகளை ஓட்டும் பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் வரிசையின் கடைசிக் கமாண்டின் முடிவு மட்டுமே தெரியும். டம்ப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் பல ராத்திரித் தூக்கத்தைக் காப்பாற்றும்.

நண்பர் போனிலும் லேப்டாப்பிலும் ஒரே கணக்கில் இருப்பார். பைப் சரியான கருவிக்குப் போக, ஸ்லாஷுக்குப் பின்னால் வரும் ரிசோர்ஸ் பெயரோடு (அது எந்தக் கருவி என்பதைக் குறிக்கும்) முழு முகவரி கொடுங்கள்.

சென்னையில் பல வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகளுக்குத் தனிப் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக அணுகும் இணைய முகவரி) கிடையாது, நேரடி இணைப்பு பெரும்பாலும் அமையாது. அப்போது டேட்டா பேஸ்64 வடிவில் (எந்த டேட்டாவையும் வெறும் எழுத்துகளாக மாற்றும் முறை) சர்வர் வழியே போகலாம். 3 பைட் 4 பைட்டாக வீங்கும். உங்கள் 2 ஜிபி ஏறக்குறைய 2.7 ஜிபி. அதனால் முதலில் சுருக்குங்கள், பிறகு என்கிரிப்ட் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் சுருங்காது. என்கிரிப்ஷனே வேண்டாம், சாட்டில் ஓமீமோ (எக்ஸ்எம்பிபி மெசேஜ்களை என்கிரிப்ட் செய்யும் முறை) பூட்டு தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பூட்டு பொதுவாக அரட்டைக்குத்தான். பைப்பில் ஓடுவதைச் சர்வர் வைத்திருப்பவர் படிக்க முடியும்.

லாகை (புரோகிராம் எழுதிக்கொண்டே போகும் பதிவு) நேரலையாக அனுப்பும்போது மறுபக்கம் ஒன்றுமே வராமல் இருந்தால் நெட்டைத் திட்டாதீர்கள். வேண்டிய வரிகளைத் தேடி எடுக்கும் கிரெப் கமாண்ட் டெர்மினலுக்கு வரிவரியாகத் தரும்; ஆனால் பைப்புக்கு மொத்தமாகச் சேர்த்துவைத்துத்தான் தரும். லைன்-பஃபர்டு ஆப்ஷனைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

வருவதை நேராக பாஷுக்குள் விடவே கூடாது, அனுப்புவது உயிர் நண்பராக இருந்தாலும். அவர் கணக்கில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

ஒருமுறை கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் பைப் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். பெரிய ஃபைல்களுக்கு எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியோடு பாதுகாப்பான இணைப்பு) வழியாக, ஃபைல் நகலெடுக்கும் ஆர்சிங்க்கை, பாதி வந்ததை வைத்துக்கொள்ளும் பார்ஷியல் ஆப்ஷனோடு ஓட்டுவதே என் தேர்வு. பைப்பை லாகுக்கும் சின்ன டம்ப்புகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.