முதல் தடவை கவுன்சலிங் போகிறவர்களுக்கு

"கவுன்சலிங் போகணும்" என்று வீட்டில் சொன்னால் "எந்த காலேஜ் சீட்டுக்கு?" என்று கேட்கிற ஊர் நம்முடையது. மனசுக்கான கவுன்சலிங் பற்றி விவரம் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் வயிற்றைக் கலக்குவது எல்லோருக்கும் உண்டு, தேர்வு முடிந்தால் அதுவும் போய்விடும். ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஹாஸ்டல் அறையில் சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது என்றால் போய்விடுங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டுமே படபடப்பைக் கொண்டுவரும் என்பதால் பொது மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எதற்கும் காத்திருக்க வேண்டாம், உடனே 14416 அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

யாரைப் பார்ப்பது? சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், அவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தனியாரிடம் போகக் காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே கிண்டலாக்கி வைத்திருக்கிறோம், அந்தக் கூச்சத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கல்லூரியிலேயே கவுன்சலர் இருந்தால் வசதிதான். ஆனால் பேச ஆரம்பிக்கும் முன்பே, "நான் சொல்வது ஹெச்.ஓ.டி.க்கோ வீட்டுக்கோ போகுமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். 2017 மனநலச் சட்டப்படி மனநலச் சிகிச்சையில் ரகசியம் காப்பது கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. 18 வயது ஆகவில்லை என்றால் பெரும்பாலும் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள், அம்மாவிடமாவது சொல்லி வைப்பது நல்லது.

முதல் நாள் போய் உட்கார்ந்ததும் வாயே வராது, பரவாயில்லை. எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், அப்போது உடம்பு என்ன செய்கிறது என்று போனில் நாலு வரி குறித்துக்கொண்டு போய் அதை அப்படியே படித்துக் காட்டுங்கள். சுமார் முக்கால் மணி நேரம் பெரும்பாலும் அவர் கேள்விதான் கேட்பார். அறிவுரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும் (அதற்குத்தான் சித்தப்பா இருக்கிறாரே).

வேலை அடுத்தடுத்த சந்திப்புகளில்தான் தொடங்கும். பதற்றத்துக்கு அதிகம் பயன்படுவது சி.பி.டி. என்ற முறை, அதாவது எண்ணத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றிப் பழகும் பேச்சுச் சிகிச்சை. "ஒரு அரியர் விழுந்தால் பிளேஸ்மென்ட் போச்சு, அப்புறம் வாழ்க்கையே போச்சு" என்று மனசு தாவுகிறது இல்லையா, அந்தத் தாவலை எழுத வைப்பார்கள்; இதற்கு ஆதாரம் என்ன, அரியர் வைத்தும் வேலைக்குப் போன சீனியர் ஒருவர்கூட இல்லையா என்று நீங்களே துருவிப் பார்க்க வேண்டும். செமினாருக்குப் பயந்து லீவு போடுகிறவர் என்றால் முதலில் ரூம்மேட் முன்னால், அப்புறம் நாலு பேர் முன்னால், பிறகு வகுப்பில் ஒரே ஒரு கேள்வி என்று படிப்படியாகப் பேச வைப்பார்கள். வீட்டுப்பாடம் உண்டு, அதைச் செய்யாமல் வாரா வாரம் போய்ப் பேசிவிட்டு மட்டும் வந்தால் பலன் குறைவுதான். எட்டுப் பத்து சந்திப்பாவது ஆகும்.

மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. எழுதிக் கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள். சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

மூன்று நாலு தடவை போயும் அவரோடு ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லிவிட்டு வேறு ஆளிடம் மாறலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இதுவரை செய்ததைச் சுருக்கமாக எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டால் புது ஆளிடம் முதலிலிருந்து எல்லாக் கதையையும் சொல்லத் தேவையிருக்காது.