ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடை: மரின் பரேடிலிருந்து பிடோக் படகுத்துறை வரை

சிங்கப்பூரில் மேடு பள்ளம் இல்லாமல் நடக்க ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை விட்டால் வேறு நல்ல இடம் சொல்வது கடினம். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் என்பதால் 15 கிலோமீட்டர் நீளமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். முழங்கால் வலி உள்ளவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லாருக்கும் தோதான பாதை. தூரத்தால் இங்கே யாரும் அவதிப்படுவதில்லை. மிதிவண்டி, வெயில், மின்னல் மூன்றுக்கும் தயாராக வந்தால் போதும்.

முதல் முறை வருபவர்கள் மரின் பரேடுக்கும் பிடோக் படகுத்துறைக்கும் இடைப்பட்ட பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வழி மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் மரின் பரேட், சிக்லாப், பேஷோர் நிலையங்கள் 2024 ஜூன் 23 அன்று திறக்கப்பட்ட பிறகு, எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்குவது எளிதாகிவிட்டது.

எந்தத் திசையில் நடப்பது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். பாதை ஏறக்குறைய மேற்கு கிழக்காகப் போகிறது. காலையில் மரின் பரேடில் தொடங்கினால் போகும் வழியெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும். எதிரே வரும் மிதிவண்டி கண்கூச்சத்தில் சரியாகத் தெரியாது. எனவே காலை நடையைக் கிழக்கே உள்ள பேஷோர் பக்கம் தொடங்கி மேற்கே நடங்கள். மாலையில் மரின் பரேடில் தொடங்கிக் கிழக்கே போங்கள். இரண்டு நேரத்திலும் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்.

குடியிருப்புகளுக்கும் பூங்காவுக்கும் நடுவே ஈசிபி விரைவுச்சாலை ஓடுகிறது. அதைக் கடக்கச் சுரங்க நடைபாதைகளும் சில மேம்பாலங்களும் மட்டுமே உண்டு. அடுத்தடுத்த கடவைகளுக்கு இடையே கணிசமான தூரம் இருக்கும் என்பதைப் பலர் நடுவழியில்தான் உணர்கிறார்கள். கால் வலிக்கும்போதோ மழை வரும்போதோ எதிரே அடுக்குமாடி வீடுகள் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் போக வழி இருக்காது. கிளம்பும் முன் வரைபடத்தில் கடவைகளைப் பார்த்துவையுங்கள். ரயிலுக்குத் திரும்பும் வழியும் அதில் ஒன்றுதான்.

பூங்காவின் பெரும்பகுதியில் நடைபாதை தனி, மிதிவண்டிப் பாதை தனி. தரையில் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்தாலே எது எது என்று தெரியும். கழிப்பறை, கார் நிறுத்துமிடம், உணவகம் இருக்கும் இடங்களில் இரண்டும் குறுக்கிடும் அல்லது ஒட்டி ஓடும். சிக்கல் எழுவது அங்கேதான். மிதிவண்டிப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 20 மீட்டர் பின்னால் வரும் ஒருவர், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் உங்களை எட்ட நான்கு வினாடிகூட ஆகாது.

எனவே, பகிர்ந்துகொள்ளும் பாதையில் இடப்பக்கமே நடங்கள். பின்னால் மணியடித்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை: அதே கோட்டில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருங்கள். மணியடிப்பவர் உங்கள் வலப்பக்கமாகக் கடக்கத்தான் அடிக்கிறார். வலத் தோள் வழியாகத் திரும்பிப் பார்க்கும்போது கால் தானாகவே வலப்பக்கம் சாய்ந்து சக்கரத்துக்கு நேரே போய்விடும். பதறி ஒதுங்கினாலும் அதே கதைதான். திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் முதலில் புல்லில் இறங்கிவிடுங்கள். கூட்டமாக வந்தால் இருவருக்கு மேல் வரிசை கட்ட வேண்டாம். குழந்தையை உங்கள் இடப்பக்கம், புல்லோரமாக நடத்துங்கள். நாய்க்கும் அதே இடம்தான், வாரைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு. காதுக்கருவி வேண்டுமென்றால் ஒரு காதுக்கு மட்டும். செல்பேசியைப் பார்க்க நின்றால் பாதையை விட்டு இறங்கி நில்லுங்கள். மிதிவண்டிப் பாதையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் பார்த்து நேராகக் கடந்துவிடுங்கள். சாய்வாக நடந்து கடப்பவர்கள் தேவைக்கு மேல் நேரம் சக்கரங்களின் வழியில் இருக்கிறார்கள்.

வார இறுதி மாலைகளில் வாடகை மிதிவண்டிகளும் குடும்பமே ஏறி மிதிக்கும் நாலு சக்கர வண்டிகளும் நிறைந்துவிடும். வேகமாக வருபவரைவிட அப்போதுதான் ஓட்டப் பழகுபவர் எங்கே திரும்புவார் என்று கணிப்பதுதான் கடினம். மின்ஸ்கூட்டர்கள் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஓடக் கூடாது, ஆனால் மிதிவண்டிப் பாதையில் வரும். நிம்மதியாக நடக்க வார நாள்களின் காலையே நல்லது.

காலணிக்குச் சாதாரண ஓட்டக் காலணி போதும். கெட்டித் தரை என்பதால் அடியில் மெத்தை இருக்க வேண்டும்; மலையேறும் பூட்ஸ் தேவையில்லை. மணலில் இறங்கினால் மறுபடி நடக்கும் முன் காலணியைக் கழற்றி, காலுறையையும் உதறிவிட்டுப் போடுங்கள். விரலிடுக்கில் சிக்கிய மணல்தான் இங்கே கொப்புளத்துக்கு முதல் காரணம். ஓரிடம் சூடாக எரிவதுபோல் தோன்றினால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். சவுக்கு மரங்களுக்கு அடியில் பாதையில் உருண்டு கிடக்கும் சிறு காய்கள் காலை வழுக்கிவிடும். அந்த இடங்களில் காலைத் தேய்த்து நடக்காமல் தூக்கி வையுங்கள்.

ஒரு மணி நேர நடைக்கு அரை லிட்டர் தண்ணீர் கணக்கு. காலை ஒன்பது மணிக்கு மேல் நடப்பதானால் அதைவிடக் கூடுதலாக வேண்டும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பை வெளியில் இறங்கக் கால் மணி நேரம் முன்பே தடவுங்கள். வியர்த்தால் மறுபடியும் தடவ வேண்டும். காது மடலையும் பின்கழுத்தையும் மறந்துவிடுவார்கள். முதலில் கருகுவதும் அவைதான்.

மின்னல் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை வழக்கம், ஆகவே காலையில் நடங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ்: சுமத்ராவிலிருந்து கிளம்பும் சூறைக்காற்று மழை விடியலுக்கு முன்பிருந்து நண்பகல் வரை எப்போது வேண்டுமானாலும் அடிக்கும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வானிலையை மைஎன்வி செயலியில் பாருங்கள். இடி கேட்டால் சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். நாலு பக்கமும் திறந்திருக்கும் கூடாரக் கொட்டகை மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. மரத்தடியும் அப்படித்தான். படகுத்துறை எல்லாவற்றையும்விட மோசம்.

அந்தப் படகுத்துறை கடலுக்குள் சுமார் 250 மீட்டர் நீள்கிறது, நுனி வரை நடந்துவிட்டு வரலாம். இரு ஓரமும் தூண்டில்காரர்கள் இருப்பார்கள். தூண்டிலை வீசும் முன் கோலைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள். முள் அப்போது நடப்பவர்களின் முக உயரத்தில் வரும். நடுவாக நடங்கள், கோலை ஓங்குபவரைப் பார்த்தால் நின்று, வீசி முடித்ததும் கடந்து செல்லுங்கள்.

மாலை நடை என்றால், பக்கத்தில் இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையத்தில் சாப்பிடலாம். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சத்தே விற்கும் கடைகள் களைகட்டுவது மாலையில்தான். காலைப் பசியாற அதை நம்பி நடக்க வேண்டாம். இடம் பிடிக்க மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் 1 முதல் கட்டாயம்.