வெடிகுண்டுத் தொடர் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு

பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். உளவுத்துறை, வெடிகுண்டு, விசாரணை அறை என்று போகும் தொடர்களைப் பார்க்காதே என்று நான் யாரையும் தடுப்பதில்லை. நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு பாருங்கள் என்கிறேன்.

முதலில் கடிகாரம். 2001 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய ‘24’ தொடரில் திரையிலேயே நொடிகள் ஓடும். எங்கோ குண்டு இருக்கிறது, பிடிபட்டவனுக்கு இடம் தெரியும், நேரம் இல்லை. இந்த மூன்றையும் நம்பிவிட்டால், நாயகன் அவனை வதைக்கும்போது ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்றுதான் நம் மனமும் பதறும். அங்கேயே நிறுத்துங்கள். இவனுக்கு எல்லாம் தெரியும் என்று நமக்குச் சொன்னது யார்? சாட்சியமா, முந்தைய காட்சியில் கேமராவா? பெரும்பாலும் கேமராதான். நிஜ அதிகாரிக்கு அப்படி ஒரு முன்காட்சி கிடைப்பதில்லை.

அடுத்து, அடி விழுந்ததும் வந்த பதில் உண்மையா என்று குறியுங்கள். திரையில் அநேகமாக உண்மையாகவே இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் அல்-லிபியின் கதையை எழுதுங்கள். அமெரிக்கா எகிப்துக்கு அனுப்பிய இந்தக் கைதி, அல்-கொய்தாவுக்கு இராக் அரசு இரசாயன ஆயுதப் பயிற்சி தந்ததாக அங்கே வாக்குமூலம் கொடுத்தார். 2003 பிப்ரவரியில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதை ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஆதாரமாக வைத்தார். மறுமாதமே இராக் மீது போர். 2004இல் அல்-லிபி, வதைக்குப் பயந்து புனைந்து சொன்னதாகக் கூறி அதைத் திரும்பப் பெற்றார். ஒவ்வோர் ஆண்டும் இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

‘கதைதானே, டீச்சர்’ என்பார்கள். 2006இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் டீன் பேட்ரிக் ஃபினகன், அனுபவமுள்ள விசாரணையாளர்களோடு போய் ‘24’ தொடரைத் தயாரித்தவர்களையே சந்தித்தார். வதைக் காட்சிகள் தம் மாணவர்களின் மனத்தை மாற்றுகின்றன, சட்டத்தை மதிக்கச் சொல்லிக்கொடுப்பது கடினமாகிறது என்று முறையிட்டார். நாளைக்கு ராணுவ அதிகாரியாகப் போகிறவர்களையே அது அசைத்திருக்கிறது.

வழக்கறிஞரும் நீதிபதியும் எப்போது வருகிறார்கள் என்றும் பாருங்கள். நாயகன் ஓடும் வழியில் குறுக்கே நிற்பதற்கு மட்டும் வந்தால் அடிக்கோடிடுங்கள். கைதிக்கு வீடு, தாய், பிள்ளை யாராவது காட்டப்படுகிறார்களா என்பதையும் எழுதுங்கள்.

விடிய விடியப் பார்த்தால் இது எதுவும் நடக்காது. அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். பக்கத்தை எழுதி முடித்த பிறகு அடுத்ததைப் போடுங்கள்.