குமரி மாவட்டத்தில் சைக்கிள் கடை தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிள் கடை போடப் போகிறேன் என்று வருபவரிடம் பெரும்பாலும் இரண்டு கணக்குகள் தயாராக இருக்கும். கடைக்கு வாடகை எவ்வளவு, முதலில் எத்தனை சைக்கிள் இறக்க வேண்டும் என்பவையே அவை. இறக்கிய சைக்கிள் எத்தனை நாளில் பணமாகத் திரும்பும் என்ற மூன்றாவது கணக்கை அவர் போட்டிருக்க மாட்டார். தக்கலை வட்டாரத்தில் பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, மூடப்பட்ட கடைகளில் பல ஆள் வராமல் மூடப்பட்டவை அல்ல. போட்ட மூலதனம் சைக்கிளாக நின்றுபோனதால் மூடப்பட்டவை.

யார் வாங்குவார்கள் என்பதைத் தவறாகக் கணிப்பது

முதல் தவறு, அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை அப்படியே வாடிக்கையாளர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. குமரியில் உதவிபெறும் பள்ளிகள் மிகுதி என்பதால் இது நமது தொழிலை நேரடியாகத் தொடுகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விலை உயர்ந்த சைக்கிள் வாங்கித் தர வந்த பெற்றோர், இன்னும் இரண்டு வருடத்தில் பள்ளியிலேயே கிடைக்குமே என்று யோசித்துத் திரும்புவதைக் கடையில் அடிக்கடி காணலாம். அதே வேளையில், வழங்கப்பட்ட ஒவ்வொரு மிதிவண்டியும் சில மாதங்களில் பிரேக் கட்டைக்கும், செயினுக்கும், டியூபுக்கும், சக்கரத்தின் கோட்டம் எடுப்பதற்கும் ஏதாவது ஒரு கடைக்கு வந்தே தீரும். ஆகவே 24, 26 அங்குலச் சக்கரம் கொண்ட பெரிய சைக்கிள்களின் விற்பனையைக் குறைத்தும் அவற்றின் பழுதுபார்ப்பைக் கூட்டியும் மதிப்பிடுவதே சரியான கணிப்பு. 12 முதல் 20 அங்குலம் வரையிலான சிறுவர் சைக்கிள்களுக்கு இந்தக் குறுக்கீடு இல்லை. பிள்ளை வளர வளர அடுத்த அளவுக்கு அதே குடும்பம் திரும்பி வரவும் கூடும்.

பருவத்தையும் இம்மாவட்டத்துக்கு உரியபடியே பார்க்க வேண்டும். பள்ளி திறக்கும் காலம் எல்லா ஊருக்கும் பொதுவானது. ஆனால் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் ஓணமும், மாவட்டம் முழுவதும் கிறிஸ்துமஸும் சிறுவர் சைக்கிள் நகரும் நாட்கள். கடற்கரை ஊர்களை நம்பிக் கடை போடுபவர் மீன்பிடித் தடைக்காலத்தை மறந்துவிடக் கூடாது. கிழக்குக் கடற்கரை விதிக்கு உட்பட்ட சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை. பள்ளி திறந்து பிள்ளைக்குச் சைக்கிள் கேட்கும் அதே வாரங்களில்தான் அந்த வீடுகளில் வரவு நின்றிருக்கும். அப்போது விற்பனை நடந்தாலும் பாதி கடனுக்கு நடக்கும். அந்தக் கடன் திரும்புவதற்குள் வங்கித் தவணை இரண்டு முறை வந்துவிடும்.

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வந்து பயணத்தை முடிப்பவர்களை நம்பி விலையுயர்ந்த கியர் சைக்கிள்களை இறக்க நினைப்பவர்களும் உண்டு. முக்கடல் முனைக்கு வந்து சேரும் அந்தப் பயணியிடம் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருக்கிறது. அவருக்குத் தேவைப்படுவது அதைப் பிரித்து அட்டைப் பெட்டியில் கட்டி, ரயிலுக்கோ திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கோ அனுப்பித் தரும் ஒரு நல்ல கை. புதிய சைக்கிள்கள் வந்த பெட்டிகளைக் கிழித்து எறியாமல் மடித்து வைத்திருக்கும் கடைக்கு அது முதல் இல்லாத வருமானம். எனினும் கடையின் வாடகையை அந்த வருமானத்தின் தலையில் வைக்க முடியாது.

சரக்கில் மூலதனத்தை முடக்குவது

இதுவே தவறுகளில் பெரியது என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். கடை நிறைந்து தெரிய வேண்டும் என்ற ஆசையும், மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி உண்டு என்ற விநியோகஸ்தரின் பேச்சும் சேர்ந்து, முதல் ஆர்டரிலேயே கைப்பணத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அத்தகைய மொத்த ஆர்டரில், நன்றாக ஓடும் மாடல்களோடு எங்கும் ஓடாத சில மாடல்களும் கோத்து அனுப்பப்படுவது வழக்கம். என் முதல் வருடத்தில் அப்படி வந்த ஆறு சைக்கிள்களில் இரண்டை மூன்றாவது வருடத்தில்தான், அதுவும் வாங்கிய விலைக்கும் குறைவாக, விற்க முடிந்தது. தள்ளுபடியில் கிடைத்ததைவிட அந்த இரண்டில் போனதே அதிகம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. கடை வாடகை 15,000 ரூபாய், ஒரு மெக்கானிக்கின் சம்பளம் 18,000, மின்சாரம் முதலிய சில்லறைச் செலவு 4,000, ஐந்து லட்சம் ரூபாய்க் கடனை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதற்கான மாதத் தவணை சுமார் 10,870 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 47,870 ரூபாய். மாதம் பத்து சைக்கிள் விற்று ஒவ்வொன்றிலும் ஆயிரம் ரூபாய் நின்றால் 10,000 வரும். மீதி 37,870 ரூபாயைப் பழுதுபார்ப்பும் உதிரிபாகமும் தர வேண்டும். மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளொன்றுக்குச் சுமார் 1,460 ரூபாய், அதுவும் உதிரிபாகத்தின் விலை போக நிற்கும் தொகையாக. இந்தக் கணக்கில் கடைக்காரரின் வீட்டுச் செலவு இன்னும் சேரவில்லை. அதற்கு 20,000 ரூபாய் ஒதுக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 2,225 ரூபாய் ஆகிறது. தன் உழைப்புக்குக் கூலி எழுதாமல் திட்டம் போடுபவர், பிறகு அந்தக் கூலியைக் கல்லாவிலிருந்து எடுத்து, சரக்கு வாங்கும் பணத்தைத் தின்றுவிடுகிறார். இந்த ஒரு தவற்றால் மட்டும் சரிந்த கடைகள் எத்தனையோ.

ஆகவே தொடக்கத்தில் மாதம் பத்து விற்கும் என்று நம்புகிறவர், இருபது இருபத்தைந்து சைக்கிளுக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை உதிரிபாகத்தில் போட வேண்டும். அதிலும் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் தவறும். 26 அங்குல டயர் என்று கேட்டு வாங்கியவை எல்லாம் ஒன்றல்ல: 26 × 1.95 என்று அச்சிட்ட டயர் 559 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்மிலும், 26 × 1 3/8 என்று அச்சிட்டது 590 மில்லிமீட்டர் ரிம்மிலும் உட்காரும். ஒன்றை மற்றொன்றில் ஏற்ற முடியாது. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைப் படித்து ஆர்டர் எழுதப் பழகாதவரின் அலமாரியில், மாட்டிப் பார்த்துத் திரும்பிய டயர்கள் தூசி படிந்து தொங்கும்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சைக்கிளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டைக் கண்டு, அந்தத் தேவை நிலைக்கும் என்று நம்பிக் கூடுதலாகச் சரக்கு எடுத்தவர்கள் அடுத்த ஆண்டுகளில் பட்ட பாட்டையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சரக்காக நிற்பதற்கு வேறோர் ஆபத்தும் உண்டு. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்குமான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குவோருக்கு அது நல்ல செய்தி. ஆனால் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் சலுகையை, எடுக்க முடியாத சிறு கடைக்காரர், 12 சதவீதம் கொடுத்து வாங்கி நிறுத்தியிருந்த சரக்கைக் குறைந்த விலையில் விற்க வேண்டி வந்தது.

பழுதுபார்ப்பை மூலையில் தள்ளுவது

கண்ணாடி முகப்பும் விளக்கும் வைத்துக் காட்சிக் கூடத்தை அமைத்துவிட்டு, மெக்கானிக்கைப் பின்புறத் தாழ்வாரத்தில் உட்கார வைப்பது பரவலான தவறு. சைக்கிள்கள் முழுதும் பூட்டப்படாமல் பெட்டியில் வருகின்றன. ஒன்றைப் பிரித்து, ஹேண்டில் பாரும் பெடலும் மாட்டி, பிரேக் சரிசெய்து, வீலைச் சுழற்றிக் கோட்டம் பார்த்து, எல்லா நட்டையும் ஒரு முறை முறுக்கி முடிக்கப் பழகிய கைக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரத்தில் பூட்டிக் கொடுத்த சைக்கிள் மறுவாரம் இலவச வேலையாகத் திரும்பி வரும். இணையத்தில் வாங்கிய சைக்கிளைப் பூட்டித் தரச் சொல்லி வருபவரை, எங்கே வாங்கினீர்களோ அங்கே போங்கள் என்று திருப்பி அனுப்புவதும் சரியன்று. பூட்டுக்கூலி இவ்வளவு என்று பலகையில் எழுதி வைத்து வாங்கிக்கொண்டால், அடுத்த டியூபுக்கும் அடுத்த சைக்கிளுக்கும் அவர் நம்மிடம்தான் வருவார்.

கடன் வாங்கும் முறையில் நேரும் தவறுகள்

கடன் வாங்குவது தவறில்லை. எந்தப் பணத்தை எதற்குப் போடுகிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. வாடகை முன்பணம், அலமாரி, கருவிகள், கம்ப்ரஸர் ஆகியவை மெல்லத் திரும்பும் செலவுகள். அவற்றுக்குப் பல ஆண்டுத் தவணைக் கடனே ஏற்றது. சரக்குக்கு வேண்டியது நடைமுறை மூலதனம், அதாவது விற்க விற்கக் கட்டி, தேவைப்படும்போது மீண்டும் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் அல்லது ரொக்கக் கடன் கணக்கு. வீட்டு நகையை ஒரு வருடத்துக்கு அடகு வைத்து, அந்தப் பணத்தை முன்பணமாகவும் கண்ணாடி வேலையாகவும் மாற்றிவிட்டால், வருட முடிவில் நகையைத் திருப்புவதற்குக் கடையில் எதுவும் இருக்காது. நகைக் கடனை, ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ முன் எடுத்த சரக்குக்காக இரண்டு மூன்று மாதத்துக்கு வைத்துத் திருப்புவதே அதற்குத் தகுந்த பயன்பாடு. சீட்டுப் பணத்தை நம்பித் தேதி குறிப்பதும் ஆபத்தானது; சீட்டு எந்த மாதம் எடுபடும், எவ்வளவு தள்ளி எடுபடும் என்பது நம் கையில் இல்லை. நாள் வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் வாங்கிச் சரக்கு இறக்குவது பற்றி ஒன்றே சொல்லலாம்: அந்த வட்டியைத் தாங்கும் இலாபம் சைக்கிள் வியாபாரத்தில் கிடையாது.

முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் ஐந்து லட்சம் வரையும், தருண் பிரிவில் பத்து லட்சம் வரையும் பிணை இல்லாமல் கடன் பெறலாம். கடை வியாபாரமும் இதற்குத் தகுதி உடையது. மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம் உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தின் வழியே செல்லும். மானியத்தைக் கைக்கு வரும் ரொக்கமாக எண்ணிச் செலவுத் திட்டம் போடுவதே இங்கு நிகழும் தவறு. பொதுவாக வங்கி அதைத் தனி இருப்பாக வைத்து, கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டால் பின்னர் கடனில் ஈடுசெய்யும். முதல் மாதத் தவணையைக் கட்ட அது உதவாது. கடன் அனுமதிக் கடிதம் வருமுன் வாடகை ஒப்பந்தம் போட்டு, பூட்டிய கடைக்கு நான்கு மாதம் வாடகை கட்டியவர்களையும் அறிவேன். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் முற்றிலும் இலவசம் என்பதையும், அதற்குக் கட்டணம் கேட்கும் இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லையோரத்தில் வரி

40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டு இருந்துவிடுபவர்கள் பலர். அந்த வரம்பு பொருள் மட்டுமே விற்பவருக்கு உரியது. பழுதுபார்ப்பு ஒரு சேவை; அதையும் செய்யும் கடைக்கு வரம்பு 20 லட்சம். மேலும், பதிவு இல்லாதவரோ, தொகுப்பு வரித் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) ஒரு சதவீதம் கட்டுபவரோ வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிக் கடைக்காரருக்கு இது அன்றாடப் பிரச்சினை. பாறசாலையிலிருந்து வந்து கடையிலேயே பணம் கொடுத்துச் சைக்கிளை எடுத்துச் செல்பவரின் கேரள முகவரியைப் பில்லில் எழுதினால், 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி அது வெளிமாநில விற்பனையாகக் கொள்ளப்படும். எல்லையை ஒட்டிக் கடை போடுபவர் தொடக்கத்திலேயே வழக்கமான பதிவு பெற்றுக்கொள்வது நல்லது என்றே நான் நினைக்கிறேன். அதை முடிவுசெய்யுமுன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது வீண் செலவாகாது.

மழையும் உப்புக் காற்றும்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. கடற்கரையை ஒட்டிய ஊரில் ஜூனில் வெளியே நிறுத்திய புதுச் சைக்கிளின் போக்ஸ் கம்பி நிப்பிளில் முதலில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றும். பிறகு செயினிலும் ஸ்டாண்டு ஸ்பிரிங்கிலும் பரவும். வாங்க வந்தவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது எதுவும் சொல்லாமல் போய்விடுவார். ஆகவே இடம் பார்க்கும்போது முகப்பின் அகலத்தைவிட, மழைச்சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும், பின்கட்டில் தரை ஊறுமா என்பதைப் பார்க்க வேண்டும். முடிந்தால் மழை நாளில் போய்ப் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இங்கே மரமும் மின்கம்பமும் கூரையும் விழுந்ததைப் பார்த்த பிறகும், சரக்குக்குக் காப்பீடு எடுக்காமல் கடன் வாங்கிக் கடை நடத்துவது பொறுப்பான செயலாகாது. வங்கி கேட்டதற்காகக் கடன் தொகைக்கு மட்டும் எடுக்காமல், கடையில் உள்ள சரக்கின் முழு மதிப்புக்கும் எடுத்து, ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் சரக்குக் கூடும் மாதங்களையும் அந்த மதிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.