பழைய ஆசான்கிட்ட சிலம்பம் கத்துக்கப் போறவங்களுக்கு: எந்த வலியை தாங்கலாம், எதை தாங்கக் கூடாது

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமங்கள்ல அறுபது எழுபது வயசுலயும் கம்பு சுத்துற ஆசான்களை இன்னும் பாக்கலாம். கோயில் திடல்லயோ அறுவடை முடிஞ்ச வயல்லயோ சாயங்காலம் பயிற்சி நடக்கும், பீஸ்னு பெருசா ஒண்ணும் இருக்காது, ஆனா வார்ம் அப் சொல்லித் தரமாட்டாங்க, வலிக்குதான்னும் கேக்கமாட்டாங்க, தப்பா நின்னா கெண்டைக்கால்ல கம்பு பேசும். டவுன்ல பிள்ளைங்க மேட் போட்டு கத்துக்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால அவர் கேக்காததை நீங்களேதான் உங்களை கேட்டுக்கணும், இது எந்த மாதிரி வலின்னு. அது தெரிஞ்சுட்டா பாதி பயம் போயிடும்.

முதல்ல அடியே இல்லாம வர்ற வலி. ஆரம்பத்துல கம்பை கையிலயே தரமாட்டாங்க, அரைமண்டியில, அதாவது முட்டியை பாதி மடக்கி நிக்க வச்சு காலடி மட்டும் போட விடுவாங்க. அடுத்த நாள் கூட பரவால்ல, ரெண்டாம் நாள்தான் தொடை கல்லு மாதிரி ஆகி மாடிப்படி இறங்க முடியாது. இது சதை வலி, 24 மணி நேரத்துலேர்ந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு போயி தானா இறங்கும். இதுக்கு லீவு போட்டு படுத்தா இன்னும் இறுகிக்கும், போயி மெதுவா காலடி போடுங்க, உடம்பு சூடானதும் பாதி குறையும். உள்ளங்கையில கொப்புளம் வந்தா உடைக்காம விடுங்க, தோல் காப்பு காய்ச்சிடும்.

கம்பு நெத்தி உயரம் இருந்தா போதும். கொள்ளிடம் படுகையில வெட்டின மூங்கிலா இருந்தாலும் கடையில வாங்கினதா இருந்தாலும் தினம் ஒரு தடவை கையால தடவிப் பாருங்க, சிராய் கிளம்பியிருந்தா தேச்சு விடுங்க, வெடிச்சிருந்தா தூக்கிப் போட்டுடுங்க, ஏன்னா வெடிச்ச மூங்கில் அடிக்கும்போது பொளந்து கண்ணுக்குப் போகும்.

அடுத்தது அடி. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு ஆடும்போது அதிகம் அடிபடுறது தலை இல்ல, முன்னாடி இருக்குற கையோட விரல் மொளிதான். ஏன்னு கவனிச்சு பாருங்க. மேலேர்ந்து வர்ற அடியை புதுசா கத்துக்குறவன் கம்பை படுக்க வச்சு இல்லன்னா நுனியை மேல தூக்கி தடுப்பான், எதிராளி கம்பு பட்டு வழுக்கிட்டு நேரா விரல்ல வந்து இறங்கும். நுனி கீழ சாய்ஞ்சு, பிடி மேல இருக்குற மாதிரி தடுத்தீங்கன்னா அதே அடி கையை விட்டு விலகி நுனி பக்கமா வழிஞ்சு போயிடும். ஆசான் இதை வாயால சொல்லமாட்டார், விரல்ல ஒரு தட்டு தட்டிட்டு "இன்னொரு வாட்டி"ன்னு மட்டும் சொல்லுவார். அதனால அடி விழுந்ததும் "ஆ"ன்னு கையை உதறாம, எந்த இடத்துல விழுந்துச்சு, அப்ப கம்பு எப்படி இருந்துச்சு, கால் எங்க இருந்துச்சுன்னு அங்கேயே பாத்துக்கணும். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடி விழுதுன்னா தாங்குற சக்தி கம்மின்னு அர்த்தம் இல்ல, நிலை தப்பு. கணுக்கால்ல விழுந்துட்டே இருந்தா காலை வாங்குறது லேட்டாகுது, அவ்ளோதான்.

கம்பு நுனியை பாக்காதீங்க, அது கண்ணுக்கு சிக்காது, எதிராளி தோள்பட்டையை பாருங்க, அடி அங்கதான் கிளம்புது. அடி விழப் போகுதுன்னு தெரிஞ்சா மூச்சை அடக்காம "ஹ்ஹா"ன்னு வெளிய விடுங்க, நாக்கு பல்லுக்கு நடுவுல இருக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழ மர்ம உறுப்புக்கு கார்டு போட்டா கிழவர் சிரிப்பார், சிரிச்சா சிரிச்சுட்டு போறார், வேட்டிக்கு உள்ள என்ன போட்டிருக்கோம்னு யாருக்குத் தெரியப் போகுது.

ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லணும். ஆசான் அடிச்சு அடிபட்டவங்களை விட சீனியர் பசங்க அடிச்சு அடிபட்டவங்கதான் ஜாஸ்தி. கிழவருக்கு கம்பை எங்க நிறுத்தணும்னு தெரியும், தோலோட நிக்கும். ரெண்டு மூணு வருஷம் கத்துக்கிட்டவனுக்கு வேகம் இருக்கும், நிறுத்தத் தெரியாது, அதுலயும் சுத்தி நாலு பேர் பாக்குறாங்கன்னா கேக்கவே வேணாம். அவன்கூட ஆடுறப்ப "அண்ணே, பாதி வேகத்துல வாங்க"ன்னு முதல்லயே சொல்லிடுங்க, அதுக்கும் மேல அடிச்சா கம்பை தரையில வச்சுட்டு விலகுங்க. அப்புறம், லேட்டா வந்ததுக்கு, பதில் பேசினதுக்கெல்லாம் சின்னப் பிள்ளைங்களை விளாசுறது பயிற்சியில சேராது. உங்க பிள்ளைக்கு அப்படி நடந்தா வேற இடம் பாருங்க, இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

ஆசான்கிட்ட வலியை எப்படி சொல்றதுன்னு நிறைய பேருக்கு தெரியல. பாதி ஆட்டத்துல சொன்னா சாக்கு மாதிரிதான் கேக்கும். ஆரம்பத்துல வணக்கம் வைக்கிற சலாம் வரிசை போடுறதுக்கு முன்னாடியே போயி, "ஐயா, இடது மணிக்கட்டு வீங்கியிருக்கு, இன்னைக்கு காலடி மட்டும் போடுறேன்"னு சொல்லுங்க. முடியாதுங்கறதை விட என்ன முடியும்னு சொன்னீங்கன்னா "என்னப்பா இந்த காலத்துப் பசங்க"ன்னு ஒரு முனகல் முனகிட்டு காலடி போட விட்டுடுவார்.

தாங்கவே கூடாத வலி எதுன்னா, கட்டை விரல் அடியில, மணிக்கட்டு பக்கம் குழி மாதிரி இருக்குற இடத்துல அமுக்கினா வலி உயிர் போகுதுன்னா அங்க ஒரு குட்டி எலும்பு உடைஞ்சிருக்கலாம், முதல் எக்ஸ்ரேல அது சில சமயம் தெரியாது, வலி நிக்கலன்னா 10 - 14 நாள்ல திரும்ப எடுக்கணும். தலையில அடி பட்டு வாந்தி, குழப்பம், தலைவலி ஏறிட்டே போகுதுன்னா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்தாலும் அன்னைக்கு திரும்ப களத்துல இறங்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி கெட்டியாகி விரல் மரத்துப் போனாலோ, பயிற்சிக்கு அப்புறம் மூத்திரம் கட்டங்காபி கலர்ல போனாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ரெண்டாவது சொன்னது சதை சிதைஞ்சு கிட்னியை பாதிக்குற விஷயம். மே மாசப் புழுக்கத்துல வெறும் வயித்துல நூத்துக்கணக்குல தோப்புக்கரணம் போட வைக்கிற இடத்துல இது நடக்கலாம். அதனால நீராகாரமோ உப்பு போட்ட மோரோ குடிச்சுட்டுப் போங்க, நடுவுல தண்ணி குடிக்க வெக்கப்படாதீங்க. பயிற்சிக்கு முன்னாடி வலி மாத்திரை போடுற பழக்கம் வேணவே வேணாம், நிறுத்துன்னு உடம்பு சொல்றது கேக்காம போயிடும், தண்ணி வத்தின உடம்புல கிட்னிக்கும் கெடுதி.

அடிபட்ட இடத்துல உடனே எண்ணெய் போட்டு நீவி விடுறதுதான் நம்ம ஊர்ல முதல் வேலை, அதை கொஞ்சம் தள்ளிப் போடுங்க. முதல் ரெண்டு நாள் துணியில சுத்தின ஐஸ், ஒரு தடவைக்கு 15 - 20 நிமிஷம். வீக்கம் வத்தினதும் வெந்நீர் ஒத்தடம், நல்லெண்ணெய் எல்லாம் தாராளமா. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் வச்சு கட்டுப் போடுறவங்ககிட்ட போறதுன்னா எக்ஸ்ரே எடுத்துட்டுப் போங்க, எலும்பு விலகியிருந்தா கட்டுக்குள்ள தப்பாவே கூடிடும்.

கை அடி ஆறி திரும்ப வரும்போது கையை இறுக்கி மூடிப் பாருங்க, தரையில ஊனி உடம்பு வெயிட்டை தாங்கிப் பாருங்க, ரெண்டுலயும் வலி இல்லன்னா ஒரு வாரம் லேசான பிரம்பு, தனியா சுத்துறது மட்டும். எதிராளி அப்புறம்.