வெளியீட்டுக் கிளையும் டேக்கும்: கிட்டில் ஒரு பதிப்பை வெளியிடும் முறை

வாடிக்கையாளர் ஒருவர் 2.4.0 பதிப்பில் வழு இருப்பதாகச் சொன்னால், அவருடைய கணினியில் ஓடும் அதே மூலநிரலை அடுத்த நிமிடமே நம் திரையில் திறக்க முடியவேண்டும். மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், கிளை என்பது ஒவ்வொரு கமிட்டோடும், அதாவது பதிந்த ஒவ்வொரு மாற்றத்தோடும், முன்னே நகர்வது. டேக் என்பது ஒரு கமிட்டில் ஒட்டும் பெயர்ச்சீட்டு; ஒட்டிய இடத்திலேயே நிற்பது. வெளியீட்டுக்கு இரண்டும் வேண்டும்.

2.4-க்கு உரிய வசதிகள் முதன்மைக் கிளையான மெயினில் சேர்ந்தபின், அங்கிருந்து ‘ரிலீஸ்/2.4’ என்ற கிளையைப் பிரியுங்கள். 2.4.1, 2.4.2 ஆகிய திருத்தப் பதிப்புகளும் இதிலிருந்தே வரப்போவதால், கிளையின் பெயரில் மூன்றாவது எண் வேண்டாம். பிரிந்த பிறகு வழுத் திருத்தங்களைத் தவிர வேறு எதையும் இதில் சேர்க்கக்கூடாது. மேலாளர் எவ்வளவு கேட்டாலும் புதிய வசதி 2.5-க்குக் காத்திருக்கட்டும்.

சோதனை முடிந்ததும் ‘கிட் டேக்’ கட்டளையை ‘-ஏ’ சேர்த்து இயக்குங்கள். அது சேராத டேக் ஒரு கமிட்டுக்கு வைத்த பெயர் மட்டுமே. சேர்த்தால் இட்டவர் பெயர், நாள், குறிப்பு மூன்றும் பதிவாகும். ‘கிட் டிஸ்கிரைப்’ இயல்பாகத் தேடுவதும் இவ்வகை டேக்குகளைத்தான். அது ‘வி2.4.0-3-ஜி1ஏ2பி3சி4’ என்று காட்டினால், 2.4.0-க்குப் பின் 3 கமிட்டுகள் வந்திருக்கின்றன என்றும், ‘ஜி’யை அடுத்து வருவது கமிட் அடையாளத்தின் தொடக்கம் என்றும் பொருள். மூலநிரலை ஓடும் மென்பொருளாக்கும்போதே, அதாவது பில்டு செய்யும்போதே, இந்தச் சரத்தை மென்பொருளின் ‘பற்றி’ பக்கத்தில் பதித்துவிட்டால், வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டிலேயே பாதி விடை இருக்கும். கமிட்டுகளைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும் சாதாரண ‘கிட் புஷ்’ டேக்கை எடுத்துச் செல்லாது என்பதால், அதன் பெயரைச் சொல்லித் தனியே அனுப்பவேண்டும்.

வெளியீட்டுக்குப் பின் வழு தெரியவந்தால், முதலில் மெயினில் திருத்தி, அந்தக் கமிட்டை ‘செர்ரி-பிக் -எக்ஸ்’ மூலம் ரிலீஸ் கிளைக்குக் கொண்டுவந்து 2.4.1 என்று டேக் இடுங்கள். ‘-எக்ஸ்’ மூலக் கமிட்டின் அடையாளத்தைச் செய்தியிலேயே எழுதிவைக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், வெளியிட்ட பதிப்புகளுக்குத் திருத்தம் தரும் ஸ்டேபிள் வரிசைகளிலும் இதுவே விதி: அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையில் ஏற்கெனவே சேர்ந்துள்ள திருத்தம்தான் அங்கே ஏற்கப்படும். அவசரத்தில் ரிலீஸ் கிளையில் மட்டும் திருத்திவிட்டு மெயினை மறந்தால், அதே வழு 2.5-இல் திரும்பி வரும்.

அனுப்பிவிட்ட டேக்கை மட்டும் நகர்த்தாதீர்கள். ஒருமுறை தவறான கமிட்டில் இட்ட டேக்கை யாரும் கவனிக்கும் முன் சத்தமில்லாமல் மாற்றினேன். பிறர் கணினியில் ஏற்கெனவே உள்ள டேக்கை, களஞ்சியத்திலிருந்து புதியவற்றை எடுத்துவரும் ‘கிட் ஃபெட்ச்’ தானாக மாற்றுவதில்லை என்பதால், ஒரே பெயரில் இரண்டு பில்டுகள் உருவாகி, எது எது என்று பிரிப்பதற்குள் அன்றைய மாலை போய்விட்டது. தவறை அப்படியே விட்டு, அடுத்த எண்ணில் வெளியிட்டிருக்க வேண்டும்.

2.4-க்கான ஆதரவு முடிந்ததும், கிளையின் கடைசிக் கமிட்டில் டேக் இருப்பதை உறுதிசெய்துகொண்டு கிளையை அழித்துவிடலாம். டேக் இருக்கும்வரை அதன் வரலாறும் இருக்கும். என்றாவது தேவைப்பட்டால் அந்த டேக்கிலிருந்தே கிளையை மீண்டும் பிரித்துக்கொள்ளலாம்.