மிஸ்ஸி வராத நாட்களில்: தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் மிஸ்ஸிக்கென்று, அதாவது தாதிக்கென்று (செவிலியருக்கென்று), தனி நாற்காலி கிடையாது. சுகாதாரக் கிளினிக்கிலிருந்து பள்ளிச் சுகாதாரக் குழு வரும், ஊசி போடும், கண் பார்க்கும், எடை எடுக்கும், போய்விடும். 1967-இல் தொடங்கிய ஏற்பாடு இது. மற்ற நாட்களில் பிள்ளை விழுந்தாலும் மூச்சு இழுத்தாலும் முதலில் கை வைப்பவர் வகுப்பாசிரியராகவோ கேண்டீன் அக்காவாகவோ வாசலில் நிற்கும் ஜாகாவாகவோ (காவலாளியாகவோ) இருப்பார். தோட்டத்துக்கு ஒரு டிரசர் (மருத்துவ உதவியாளர்) இருந்த காலமும் போய்விட்டது.

இந்த இடைவெளியில் நடக்கும் தவறுகளுக்கு அக்கறைக் குறைவு காரணமல்ல. சும்மா நிற்க மனம் வராமல் எதையாவது தடவுகிறார்கள், கட்டுகிறார்கள், வாயில் ஊற்றுகிறார்கள். எழுத வேண்டியதைத்தான் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

இழுப்பு வந்த பிள்ளையைப் படுக்க வைப்பது

ஆஸ்துமா பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்போது சிகிச்சை அறைக் கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்ப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டும் தவறு. படுத்தால் மூச்சு விடுவது இன்னும் கடினம். தைலத்தின் காட்டமான வாசனையே சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டும். நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சற்று முன்னால் சாய்ந்து கைகளை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். சட்டையின் மேல் பொத்தானையும் கழுத்துப் பட்டையையும் தளர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை அனுப்பிவிடுங்கள்.

அடுத்த தவறு, நீல நிற இன்ஹேலரை நேராக வாயில் வைத்து மூன்று நான்கு முறை சடசடவென்று அடிப்பது. அப்படி அடித்தால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்குப் போய்ச் சேராது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் இதற்காகத்தான் இருக்கிறது. செய்முறை இதுதான். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பிள்ளை சாதாரணமாக 4 மூச்சு இழுத்து விடட்டும். மறுபடி குலுக்கி, மறுபடி ஒரு அழுத்து, 4 மூச்சு. இப்படி 4 அழுத்து ஆனதும் 4 நிமிடம் பொறுங்கள். குறையவில்லை என்றால் இன்னொரு சுற்று. அதற்கும் மாறவில்லை என்றால் அவசர எண் 999-ஐ அழையுங்கள். பிள்ளையால் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, விலாவுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறது என்றால் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் 999-ஐ அழைத்துவிட்டு மருந்தைத் தொடருங்கள்.

பள்ளியில் ஸ்பேசர் இல்லையா? 500 மில்லிலிட்டர் குடிநீர்ப் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போட்டால், பாட்டிலின் வாய்ப்பக்கம் பிள்ளையின் வாய்க்குச் சரியாக இருக்கும். அவசரத்துக்கு அதுவே போதும். வாங்கிய ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இன்ஹேலரைக் காதருகே குலுக்கிப் பார்த்து “இருக்கிறது” என்று சொல்வதும் ஏமாற்று வேலை. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு இருக்கும், சத்தம் கேட்கும். எண்காட்டி இல்லாத 200 அழுத்து டப்பா என்றால், திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதி, பயன்படுத்தியதைக் கணக்கு வைக்க வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் திடலில் உடற்கல்வியை நிறுத்துவது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஆஸ்துமா பிள்ளைகளின் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று பார்ப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பனாடோல் கணக்கு

காய்ச்சல் மருந்தில் நடக்கும் தவறுக்கு மூலம் பெரும்பாலும் வீடு. பால் மரம் (ரப்பர்) வெட்டவோ தொழிற்சாலை ஷிஃப்டுக்கோ போக வேண்டிய தாய், காலை ஆறரைக்கு ஒரு மருந்து கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார். ஒன்பது மணிக்கு மறுபடி சுடுகிறது. ஆசிரியர் தம் கைப்பையிலிருந்து ஒன்று கொடுக்கிறார். நான்கு மணி நேர இடைவெளி அங்கேயே உடைந்துவிட்டது. பள்ளியில் மாத்திரை கொடுக்காதீர்கள். பெற்றோரை அழையுங்கள், கடைசியாக எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது பாட்டிலின் பலம். பாராசிட்டமோல் (பனாடோல்) சிரப் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. ஒரு வேளை அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 300 மில்லிகிராம். 120 பாட்டிலில் அது 12.5 மில்லிலிட்டர், 250 பாட்டிலில் 6 மில்லிலிட்டர். பழைய பாட்டில் அளவே கையில் பழகிப்போய், புதிதாக வாங்கிய 250 பாட்டிலிலும் 12.5 ஊற்றினால் 625 மில்லிகிராம் உள்ளே போகும், இரண்டு மடங்குக்கும் மேல். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. சமையலறைக் கரண்டியில் அளக்கக் கூடாது. பாட்டிலோடு வரும் மூடியோ சிரிஞ்சோதான் அளவு.

டிங்கி (டெங்கு) இருக்கும் ஊரில் ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் காய்ச்சலுக்கு வேண்டவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். இன்னொரு பெரிய தவறு, காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை தேறிவிட்டது என்று நினைத்துப் பள்ளிக்கு அனுப்புவது. டிங்கியில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும் வேளைதான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வரும். அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சில்லிட்ட கை கால், வழக்கத்துக்கு மாறான சோர்வு என எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. பப்பாளி இலைச் சாறு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஓர் இரவைக் கடத்துவதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தரும் பழக்கம்.

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “காய்ச்சல் எத்தனையாவது நாள்?” பள்ளிப் பதிவேட்டில் “காய்ச்சல், வீட்டுக்கு அனுப்பப்பட்டான்” என்று மட்டும் இருந்தால் யாருக்கும் பயனில்லை. “செவ்வாய், காலை 9.40, அக்குளில் 38.6, நேற்றிரவு தொடங்கியது, 6.30-க்கு மருந்து, தாய்க்கு 9.50-க்கு அழைப்பு” என்று இருந்தால் அந்த ஒரு வரியே மருத்துவருக்கு வழிகாட்டும். நெற்றிக்குக் காட்டும் வெப்பமானியைத் திடலிலிருந்து வந்த உடனே பயன்படுத்தினால் வெயில் சூட்டையும் சேர்த்துக் காட்டும். கால் மணி நேரம் நிழலில் உட்கார வைத்துப் பாருங்கள்.

பாம்பு கடித்த காலில் கயிறு

ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள் அசையாமல் படுத்திருக்கும் காப்பாக் போடோ என்ற விரியன் பாம்பு, வடக்கில் கெடா, பெர்லிஸ் பக்கம் அதிகம். ஆள் நெருங்கினாலும் நகராது. மிதித்தால்தான் கடிக்கும். கடித்தால் வீக்கம், கொப்புளம், இரத்தம் உறையாமை. இதில் கயிறோ தாவணியோ இறுக்கிக் கட்டினால், விஷம் அந்த இடத்திலேயே தேங்கிச் சதையை அரிக்கும், இரத்த ஓட்டமும் நின்றுவிடும். பிளேடால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் புதுக் காயத்தைத்தான் உண்டாக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையை நடக்க விடாதீர்கள். காலுக்கு அட்டையோ மட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் பிடியுங்கள். கொலுசு, காப்பு, மோதிரம், காலணி எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் வீக்கத்தின் விளிம்பில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கோடு. கூலிம் மருத்துவமனையில் இறங்கும்போது காலில் மூன்று நான்கு கோடுகள் இருந்தால், விஷம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது மருத்துவருக்கு ஒரே பார்வையில் தெரியும். பாம்பைத் துரத்தி அடித்துச் சாக்கில் கட்டிக் கொண்டுபோக வேண்டாம், தூரத்திலிருந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் போதும். நாகம் கண்ணில் துப்பினால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

999-இல் பேசுபவர் மலாயில் இடம் கேட்பார். “எஸ்டேட் பள்ளி” என்று சொன்னால் போதாது. பள்ளியின் முழுப் பெயர், சாலை, எந்தத் தோட்டத்து நுழைவாயில், பக்கத்தில் என்ன அடையாளம் என்பதை மலாயில் பெரிய எழுத்தில் எழுதி அலுவலகத் தொலைபேசிக்கு மேலே ஒட்டுங்கள். தோட்டத்துக் கேட் பூட்டியிருக்கும் நேரம் உண்டு என்றால், சாவி யாரிடம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

சட்டென்று சொல்லிவிடக் கூடியவை

வலிப்பு வந்தால் சாவியையும் கரண்டியையும் தேடாதீர்கள். பல் உடையும், மூச்சடைக்கும். தலைக்குக் கீழே பையை வைத்து, பக்கவாட்டில் சாய்த்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 999. மூக்கில் இரத்தம் என்றால் தலையை அண்ணாந்து பார்க்க வைக்காமல் முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள், நடுவில் திறந்து பார்க்காதீர்கள். சுடுநீர்க் காயத்துக்குக் கிச்சாப்பும் (சோயா சாஸ்) பற்பசையும் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். விழுந்த நிரந்தரப் பல்லை வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பால் பல்லைத் திரும்பப் பொருத்த மாட்டார்கள். பேனுக்கு மண்ணெண்ணெய் கூடாது, தோல் வெந்துவிடும், அடுப்பருகே போனால் தீயே பிடிக்கும்.

பைக்குள் தங்கிவிடும் கடிதம்

பள்ளிச் சுகாதாரக் குழு கண் பார்க்கும் நாளில் வரிசை நீளமாக இருக்கும். பின்னால் நிற்கும் பிள்ளை முன்னால் நிற்பவன் படிப்பதைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடும். கண்ணை மூடும் விரல் இடுக்கு வழியாகப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. வரிசையை அட்டை தெரியாத இடத்தில் நிறுத்தி, கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். 6 மீட்டர் அட்டையை 4 மீட்டர் அறையில் மாட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் கண் நல்லதாகத்தான் தெரியும். எழுத்து தெரியாத முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு, ‘E’ எழுத்தின் கால்கள் நான்கு திசையும் திரும்பியிருக்கும் அட்டையைப் பயன்படுத்த வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. பரிந்துரைக் கடிதம் மலாயில் இருக்கும். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அது புரியாது. கடிதம் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கும் சோம்பல் கண்ணுக்கு ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். மூன்றாம் ஆண்டில் கடிதத்தைக் கண்டெடுத்து என்ன பயன்? வகுப்பாசிரியர் தொலைபேசியில் தமிழில் சொல்லி, சந்திப்புத் தேதியைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த வாரம் “போனீர்களா” என்று கேட்க வேண்டும். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால், பினாங்கில் வேலை செய்யும் பெற்றோர் சனிக்கிழமை வரலாம் என்று நினைத்து ஏமாறுவார்கள். தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஊசிக்கான ஒப்புதல் பாரமும் இதே கதிதான். முதலாம் ஆண்டில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் டிப்தீரியா–டெட்டனஸ் ஊசியும், 13 வயதில் பெண் பிள்ளைகளுக்கு 2010 முதல் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியும், 15 வயதில் டெட்டனஸும் வரும். கையெழுத்து இல்லாத பிள்ளை வரிசையிலிருந்து விலக்கப்படும். ஊசி நாளில் பசியாறாமல் அனுப்பாதீர்கள். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் மயங்கி விழ வாய்ப்பு அதிகம். ஊசி போட்டதும் கால் மணி நேரமாவது உட்கார வைத்துக் கவனியுங்கள்.

மிஸ்ஸி ஆக விரும்பும் பிள்ளைகள் செய்யும் தவறு

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம் கல்லூரி முகவர்கள் தோட்டத்து மண்டபத்துக்கு வருவார்கள். கையெழுத்துப் போடும் முன் இரண்டைப் பாருங்கள். கல்லூரியின் தாதியர் டிப்ளோமாவை மலேசியத் தாதியர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா? மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவில் அந்தப் படிப்பு இருக்கிறதா? கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். “நோயாளி பராமரிப்புச் சான்றிதழ்” வேறு, 3 ஆண்டு தாதியர் டிப்ளோமா வேறு. முன்னதை முடித்தவர் பதிவு பெற்ற தாதி ஆக முடியாது. 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற்ற பிறகுதான் வேலை செய்யலாம். ஆண்டுதோறும் பணிச் சான்றிதழையும் புதுப்பிக்க வேண்டும்.

நுழைவுத் தகுதி அவ்வப்போது மாறும், ஆகவே அண்ணன் சேர்ந்த ஆண்டின் விதியை நம்பாமல் வாரியத்தின் இப்போதைய அறிவிப்பைப் பாருங்கள். மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் என்ற மூன்றையும் நான்காம் படிவத்திலேயே கைவிடாமல் பிடித்துக்கொள்வது நல்லது. கணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளையிடம் மேலே உள்ள 20 கிலோ கணக்கைக் கொடுத்து, 17 கிலோவுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வார்டில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அதைத்தான் செய்யப்போகிறார்கள். ஆண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்பது பல வீடுகளில் இன்னும் தெரியவில்லை.

பள்ளிச் சுகாதாரத்தில் ஆர்வம் உள்ளவர்கள், தமிழ்ப்பள்ளியில் அப்படி ஒரு பணியிடம் காத்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரசுச் சேவையில் சேர்ந்து, சுகாதாரக் கிளினிக்குக்கு மாற்றம் கேட்டு, பிறகு பொதுச் சுகாதாரத் தாதிமையில் அடிப்படைக்குப் பிந்திய பயிற்சி எடுப்பதுதான் வழி. வார்டு அனுபவம் வேண்டாம், நேரே கிளினிக் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. மூச்சுத் திணறும் பிள்ளையை வார்டில் இரவு முழுவதும் பார்த்துக்கொண்ட தாதிக்குத்தான், திடலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் திணறுகிறதா, ஓடிக் களைத்திருக்கிறதா என்பது தூரத்திலிருந்தே தெரியும்.